சாயம் சொன்ன சான்று

ஒருவருடைய பொய்வேடம் கலைந்துபோகும்பொழுது, ‘அவர் சாயம் வெளுத்துவிட்டது’ என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. சாயத்தொட்டியில் விழுந்து நீலநிறம் பெற்ற நரி, காட்டு விலங்குகளுக்கெல்லாம் அரசனாக வீற்றிருந்து, ஒருநாள் தன் இனத்தின் ஊளையைக் கேட்டுத் தானும் ஊளையிட்டு அகப்பட்டுக்கொண்ட கதையை நீங்கள் கீழ்வகுப்புகளிலேயே படித்திருப்பீர்கள். சாயம் என்றால் உள்ளதை மறைப்பது, அது போனால் உள்ளது வெளிப்படும் என்னும் எண்ணம் இவ்வாறு நம் மனத்தில் ஊறிக்கிடக்கிறது. மாணவ நண்பர்களே, மருத்துவ அறிவியலில் ஒரு துறை உண்டு. அங்கே இந்த வழக்குத் தலைகீழாக நிற்கிறது. சாயம் ஏறினால்தான் அங்கே உண்மை வெளிப்படும். ஏறாதவரை ஒன்றும் தெரியாது. உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும், வாயின் உட்சவ்விலும், தோலிலும் தோன்றும் கட்டிகளின் இயல்பை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு பெரும்பகுதி சாயத்தின் வரலாறே ஆகும். நான் மருத்துவன் அல்லன். கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரப் பள்ளிகளில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

உடலின் எந்தப் பகுதியிலிருந்தாயினும் மெல்லிய ஏடாக ஒரு துண்டைச் சீவி நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால், வெள்ளைத் தாளின்மேல் வெண்ணூலைப் பரப்பியது போலத்தான் இருக்கும். உயிரணுவின் பெரும்பகுதி நீர். ஒளி அதனைத் தடையின்றி ஊடுருவிச் சென்றுவிடுகிறது. ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் இந்த இடர்ப்பாட்டை முதலிலேயே உணர்ந்தவர். துணி வணிகராக இருந்து, தாமே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, நுண்ணுயிர்களை உலகுக்குக் காட்டிய அவர், 1714-ஆம் ஆண்டில் மாட்டின் தசைநாரைத் தெளிவாகக் காண்பதற்குக் குங்குமப்பூக் கரைசலைப் பயன்படுத்தினார். ஆயினும் அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அவ்வழியைத் தொடர்ந்து பெரிதாக எதுவும் நடைபெறவில்லை.

1858-ஆம் ஆண்டு இத்துறையில் இரட்டைச் சிறப்புடையது. நோயும் உயிரணுவிலேதான் தொடங்குகிறது, ஒவ்வோர் உயிரணுவும் மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்னும் கொள்கையை, பெர்லினில் விர்ஹோ என்னும் பேராசிரியர் அவ்வாண்டில்தான் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில், எர்லாங்கன் நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் கெர்லாக், மிகவும் நீர்த்த கார்மைன் கரைசலில் ஓரிரவு முழுதும் கிடந்த மூளைச் சீவல்களில் உயிரணுக்களின் உட்கருக்கள் மட்டும் அழுத்தமாகச் சிவந்து நிற்பதைக் கண்டு எழுதினார். நோயின் இருப்பிடம் உயிரணு என்று ஒருவர் சொல்ல, அந்த உயிரணுவைக் கண்ணுக்குக் காட்டும் வழியை மற்றொருவர் சொன்னார். அழுத்தமான கரைசலில் திசுவை அமிழ்த்தினால் எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும். நீர்த்த கரைசலில் பொறுமையாக விட்டால்தான் எது சாயத்தை விரும்புகிறது, எது விலக்குகிறது என்பது விளங்கும்.

இந்தக் கார்மைன் சாயத்தின் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. மெக்சிகோ நாட்டில் கள்ளிச்செடியின்மேல் அப்பிக்கிடந்து அதன் சாற்றை உண்டு வாழும் காக்சினீல் என்னும் சிறு பூச்சியே இதன் பிறப்பிடம். பெண்பூச்சிகளைத் திரட்டி உலர்த்திப் பொடித்தால் செந்நிறம் கிடைக்கும். ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். ஸ்பெயின் நாட்டார் நெடுங்காலம் இவ்வாணிகத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்திருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் வாழ்ந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவருக்கு, இந்தச் செல்வத்தை இங்கேயே விளைத்துவிடலாம் என்ற ஆசை பிறந்தது. 1786-ஆம் ஆண்டு முதல் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞருக்கு அவர் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதினார். சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித்தோட்டமும் அமைந்தது. தோட்டம் அமைந்தது, பூச்சி வரவில்லை. 1795-ஆம் ஆண்டில் நீல்சன் என்ற படை அதிகாரி பிரேசில் நாட்டிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவகைப் பூச்சியைக் கொண்டுவந்தார். அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயம் குறைந்த காட்டினம். வாணிகம் பொய்த்தது. பூச்சி மட்டும் கள்ளியைத் தின்று தீர்க்கும் வேலையைச் செவ்வனே செய்தது.

பிற்காலத்தில் அதுவே அதன் பயனாயிற்று. பயிர்நிலங்களில் மண்டிய சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கென்று, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியை 1926-ஆம் ஆண்டில் இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளிமடலில் வெள்ளைப் பஞ்சு பூத்தாற்போல ஒட்டியிருப்பதை நகத்தால் நசுக்கினால் விரல் சிவந்துபோகும். எங்கள் பக்கத்துக் கரட்டுநிலங்களில் மாணவர்களை அழைத்துச் சென்று நான் இதைக் காட்டியதுண்டு. ஆய்வுக்கூடத்துச் சாயக்குப்பியின் பூர்வோத்தரம் வேலியோரத்தில் இருக்கிறது என்றால் பிள்ளைகளுக்கு அதில் தனியொரு மகிழ்ச்சி.

கார்மைனுக்குப் பின் ஹெமடாக்சிலின் வந்தது. மத்திய அமெரிக்காவில் வளரும் லாக்வுட் என்னும் மரத்தின் வைரத்திலிருந்து கிடைப்பது இது. 1863-இல் வால்டையர் இதனைத் திசுக்களில் முயன்று பார்த்தார். 1865-இல் பெமர் என்பவர் இதனோடு படிகாரம் சேர்த்த பிறகுதான் இது நிலையாகப் பற்றிக்கொண்டது. படிகாரம் சேர்த்தால் சாயம் பிடிக்கும் என்பது நம் நாட்டுச் சாயக்காரர்களுக்குப் புதிய செய்தி அன்று. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றியவர்கள், துணிக்கு முதலில் படிகாரம் காட்டியே சாயத்தை நிலைக்கச் செய்தார்கள். உலகம் எல்லாம் விரும்பி வாங்கிய துணி அது. துணியில் அறிந்த ஒன்றைத் திசுவில் செய்து பார்க்க ஒரு நுண்ணோக்கியும், அதன் முன்னால் உட்காரும் ஓய்வும், செய்ததை எழுதி வெளியிடும் ஏடும் வேண்டும். நம் சாயக்காரர்களுக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. கைத்திறனும் கல்வியும் வெவ்வேறு தெருக்களில் வாழ்ந்த நாட்டில் இப்படித்தான் நேரும் என்பது என் எண்ணம்.

இதற்கிடையில், 1856-ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளைக்கொண்டு மலேரியாவுக்கு மருந்து செய்ய முயன்று, தவறிப்போய் ஊதாச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டார். செயற்கைச் சாயங்களின் காலம் அன்று தொடங்கியது. 1870-களில் ஹைன்ரிஹ் காரோ என்பவர் இயோசின் என்னும் செம்மைச் சாயத்தை வழங்கினார். விடியல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல் அதன் பெயரிலே இருக்கிறது. 1876-இல் ஹெமடாக்சிலினையும் இயோசினையும் இணைத்துப் பயன்படுத்தும் முறை வெளிவந்தது. அன்று இணைந்த இருவரும் இன்றுவரை பிரியவில்லை. உலகத்தின் எந்த நோய்க்குறி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றாலும், ஒரு கட்டி வந்தவுடன் முதலில் ஏறுவது இந்த இரண்டு சாயங்களே.

அது நடைபெறும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். வெட்டியெடுத்த துண்டைப் பார்மலின் நீரில் இட்டு அழுகாமல் நிறுத்துகிறார்கள். நீரை நீக்கி உருகிய மெழுகை ஏற்றுகிறார்கள். மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவுகிறார்கள். கண்ணாடித் தகட்டில் அதை ஒட்டிச் சாயம் ஏற்றினால், உட்கரு நீலஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் பிரிந்து நிற்கும். உட்கருவில் உள்ள நியூக்ளிக் அமிலம் காரத்தன்மையுள்ள சாயத்தை இழுத்துக்கொள்கிறது. உயிரணுவின் புரதங்கள் அமிலத்தன்மையுள்ள இயோசினை ஏற்கின்றன. வேதியியல் வகுப்பில் நீங்கள் படித்த அமிலமும் காரமும்தான் இங்கே வண்ணமாகத் தெரிகின்றன.

உமிழ்நீர்ச் சுரப்பிகளின் செயல் விளங்கியதும் சாயத்தினால்தான். காதடியில் ஒன்று, தாடையடியில் ஒன்று, நாவடியில் ஒன்று என மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் நமக்கு உண்டு. பிரெஸ்லாவ் நகரில் ஹைடன்ஹைன் என்னும் உடலியலார் 1868-ஆம் ஆண்டில் நாயின் சுரப்பிகளை ஆராய்ந்தார். ஓய்ந்திருந்த சுரப்பியில், சளிப்பொருள் நிரம்பிய உயிரணுக்கள் கார்மைனை ஏற்காமல் வெளிறி நின்றன. நரம்பைத் தூண்டி நெடுநேரம் சுரக்கவைத்த சுரப்பியிலோ, சேமிப்பு காலியாகி, உயிரணுக்கள் சாயம் ஏற்றுச் சிவந்தன. உயிருள்ள உறுப்பு ஒன்று உழைத்ததையும் ஓய்ந்ததையும் சாயத்தால் படித்துவிட முடியும் என்பது அப்போது தெரியவந்தது. 1896-இல் நேப்பிள்ஸ் நகரிலிருந்து பால் மேயர் என்பவர் கார்மைனோடு அலுமினியம் சேர்த்து, சளிப்பொருளை மட்டும் தேடிச் சிவப்பாக்கும் மியூசிகார்மைன் சாயத்தை அமைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1945-இல், உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் ஒருவகைக் கட்டியில் தோல்போன்ற உயிரணுவும் சளி சுரக்கும் உயிரணுவும் கலந்திருப்பதை ஸ்டூவர்ட், பூட், பெக்கர் ஆகிய மூவர் பிரித்துக் காட்டினர். அத்தகைய கட்டியில் ஒளிந்துகிடக்கும் சளித்துளியைக் கண்டுபிடிக்க இன்றும் உதவுவது அந்தக் கள்ளிப்பூச்சியின் சிவப்பே.

தோலுக்கு வருவோம். புகைபோக்கிகளைத் துடைக்கும் சிறுவர்களுக்குக் கரியினால் தோலில் புற்று உண்டாகிறது என்று 1775-ஆம் ஆண்டில் லண்டனில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். நம் நாட்டில், குளிருக்காகக் காஷ்மீர மக்கள் ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி என்னும் கணப்புச்சட்டியால் வயிற்றுத்தோலிலும் தொடையிலும் வரும் புற்றை 1866-ஆம் ஆண்டில் எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1915-இல் டோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்காக நிலக்கரித் தாரைத் தடவித் தடவிப் புற்றை உண்டாக்கியே காட்டிவிட்டார்கள். பெர்க்கினுக்கு ஊதாச் சாயத்தைக் கொடுத்த அதே நிலக்கரித் தார்தான். செயற்கைச் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதை 1895-ஆம் ஆண்டிலேயே பிராங்க்பர்ட் நகரத்து ரேன் என்பவர் கண்டு சொல்லியிருந்தார். நோயைக் காட்டும் சாயமும் நோயைத் தரும் நஞ்சும் ஒரே கொப்பரையில் பிறந்திருக்கின்றன. தொழிற்பேட்டைகளுக்கு நடுவே வாழும் ஓசூர் மாணவர்கள் இச்செய்தியைச் சற்று நின்று கேட்க வேண்டும். தோலின் கருநிறப் பொருளாகிய மெலனினைத் தேடுவதற்கு வெள்ளி உப்பைப் பயன்படுத்தும் முறையை 1912-இல் பான்டானாவும் அதனை அடுத்து மாசனும் வகுத்தார்கள். மெலனின் உள்ள இடத்தில் வெள்ளி படிந்து கரிய புள்ளியாகும். நிறமிழந்து ஒளிந்திருக்கும் கொடிய கருமைக்கட்டியை இனங்காண அது உதவியது.

இனி நான் சொல்லவந்த வாய்க்கு வருகிறேன். இதில் தமிழ்நாட்டின் பங்கு சிறியதன்று. அதைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரியும் நான் கண்டதில்லை. 1902-ஆம் ஆண்டில், சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் மருத்துவர், அங்கு வரும் புற்றுநோயாளிகளில் வாய்ப்புற்று உடையவர் மிகுதியாக இருப்பதை எடுத்துக்காட்டித் தாம்பூலப் பழக்கத்தைச் சுட்டினார். அடுத்து நெய்யூர். அன்று தென் திருவிதாங்கூரில் இருந்து, 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்து ஊர் அது. அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனை ஒன்று இருந்தது. எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், பின்னர் அம்மருத்துவமனையிலேயே தங்கிப் பணிபுரிந்தார் என்பது தனிக் கதை. அதே நெய்யூரில் பணியாற்றிய ஆர் என்னும் மருத்துவர், வாய்ப்புற்றோடு வந்தவர்களின் மெல்லும் பழக்கத்தை நுணுகிக் கேட்டு எழுதி, 1933-ஆம் ஆண்டில் லண்டன் லான்செட் இதழில் வெளியிட்டார். தாம்பூலத்தோடு சேரும் புகையிலையையே அவர் முதற் குற்றவாளியாக நிறுத்தினார்.

பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை 1941-இல் தோன்றியது. அங்கே நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்தை அமைத்தவர் கானோல்கர். ஆயிரம் வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றி 1944-இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டில் சூரியாபாய் என்பவருடன் சேர்ந்து, இந்தியப் பழக்கங்களால் வரும் மூவகைப் புற்றுகளை விளக்கினார். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்துத் தோலில் வருவது ஒன்று. புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து கீழுதட்டில் ஒதுக்கிவைப்பவர்க்கு வருவது ஒன்று. நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் புகைப்பவர்க்கு வருவது ஒன்று.

சென்னையில் 1954-ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். தம் தங்கை புற்றுநோயால் மடிந்ததைக் கண்ணால் கண்ட துயரம் அதற்கு வித்து. அந்நிலையத்து மருத்துவர்கள் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து 1959-இல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் வெளியிட்டார்கள். உலகம் இக்கருத்தை முழுமையாக ஏற்க மேலும் நாளாயிற்று. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 1985-இல் அறிவித்தது; புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றைத் தரும் என்று 2003-இல் கூடிய அதன் அறிஞர் குழு முடிவு செய்தது. நிப்லாக் எழுதி நூறாண்டுகள் கழிந்திருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்னது காரணம் என்று எந்தச் சாயமும் சொல்வதில்லை. கேள்விகளைக் கேட்டு, மெல்லுபவரையும் மெல்லாதவரையும் ஒப்பிட்டுத்தான் காரணத்தை அறிந்தார்கள். ஆனால் வந்திருப்பது புற்றா, வேறு புண்ணா என்று ஐயமறத் தெரியாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கே அடித்தளம் இல்லை. அந்த அடித்தளத்தைச் சாயம் கொடுத்தது. நல்ல வாய்ச்சவ்வில் மேல்தோலும் அதன் கீழுள்ள திசுவும் வரப்பு போட்டாற்போலப் பிரிந்திருக்கும். புற்று வந்தால் வரப்பு உடைந்து, நீலம் மிகுந்த உயிரணுக்கள் கீழே இறங்கிவிடும். சில இடங்களில் அவை சுருண்டு சுருண்டு நடுவில் இளஞ்சிவப்பு முத்துப்போலத் திரளும். மருத்துவர்களும் அதனை முத்து என்றே சொல்கிறார்கள். கேட்பதற்கு அழகிய பெயர்.

அம்முத்தை நான் என் கண்ணால் கண்டேன். நான் பணிபுரிந்த பள்ளியில் மணியடிக்கும் பணியாளர் ஒருவர் இருந்தார். வீட்டுமொழி தெலுங்கு, எங்களோடு தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடம். எல்லைப்புறத்தில் இது இயல்பு. வெற்றிலைக்கு அவரிடம் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்று மொழியிலும் அதை மென்றார். பிற்பாடு வெற்றிலை போய்ப் பொட்டலம் வந்தது. பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கிய பாக்குத்தூள், இரவுமுறை வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் சட்டைப்பைகளில் நுழைந்ததுபோலவே அவருடைய பையிலும் நுழைந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அவருக்கு ஒரு வேட்டி வாங்கி, தட்டில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கோடு நல்ல புகையிலையும் வைத்துக் கொடுப்பேன். மரியாதை என்றே அதைச் செய்தேன். தாவரவியலில் வெற்றிலைக் கொடியையும், விலங்கியலில் உமிழ்நீர்ச் சுரப்பியையும் நடத்திய அதே கை அது.

காரம் பட்டால் வாய் எரிகிறது என்று அவர் சொல்லத் தொடங்கினார். பிறகு வாயை அகலத் திறக்க முடியவில்லை. சோற்றுருண்டையைச் சிறிதாக்கி உண்டார். உள்ளூரில் காட்டியபோது சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். ஓராண்டு அப்படியே போயிற்று. கன்னத்தின் உட்புறத்தில் வெண்ணிறத் தடிப்பு ஒன்று புண்ணாகிய பிறகு, 2006-ஆம் ஆண்டில், அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்றேன். கடுகளவு துண்டு எடுத்தார்கள். நான் உயிரியல் ஆசிரியன் என்றறிந்த நோய்க்குறியியல் மருத்துவர், அருள்கூர்ந்து என்னை நுண்ணோக்கியில் பார்க்கவைத்தார். மேலே வரப்பு உடைந்திருந்தது, உள்ளே முத்துகள். அதன் அடியில், இளஞ்சிவப்பாகப் பாளம் பாளமாக நார்த்திசு இறுகிக் கிடந்தது. அந்த நார்தான் வாயைத் திறக்கவொட்டாமல் பிடித்தது என்றார் அவர். வான் கீசன் என்பவர் 1889-இல் அமைத்த சாயத்தை ஏற்றினால் அந்த நார் நல்ல சிவப்பாகவும், தசை மஞ்சளாகவும் பிரிந்து தெரியும் என்றும் விளக்கினார்.

வாய்ச்சவ்வு இப்படி நாராக இறுகும் நோய்க்குத் தனி வரலாறு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் இதனைக் கண்டு 1952-இல் விவரித்தார். மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி என்பவர் எழுதினார். இது புற்றுக்கு முன்னோடி என்று 1956-இல் பேமாஸ்டர் எச்சரித்தார். கானோல்கரின் மாணவியாகிய சத்தியவதி சிர்சாட் என்னும் அம்மையார் இதன் திசு மாற்றங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மிளகாயே காரணம் என்று அன்று பலர் கருதினர். பாக்கே காரணம் என்பது பின்னர்த்தான் உறுதியாயிற்று. பாக்கில் உள்ள பொருள்கள் நார் உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. எர்ணாகுளம் பகுதியில் இந்நோய் உடைய 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் ஐவருக்குப் புற்று வந்தது என்று 1985-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

திரும்பும் வழியில் பேருந்தில் அவரிடம் நான் கண்டதைச் சொன்னேன். நீலமும் சிவப்புமாக இருந்தது என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, அந்தச் சிவப்பு வெத்தலைச் சிவப்புங்களா?” என்று கேட்டார். இல்லை, அது மருத்துவர் ஏற்றிய சாயம் என்றேன். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடி வரும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கன்னத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பேச்சுக் குழறியது, ஆயினும் ஓய்வு பெறும்வரை அவர்தான் மணியடித்தார். அடுத்த பொங்கலுக்குத் தட்டில் வேட்டியும் வாழைப்பழமும் மட்டும் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டன. அதன் பின்னும் எல்லைச்சாவடிகளில் மூட்டைகள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் வந்தவண்ணம் இருக்கிறது. உங்களில் யாருக்கேனும், உங்கள் வீட்டுப் பெரியவர்க்கேனும், நடுமூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கினால் வாய்க்குள் நுழையவில்லை என்றாலும், உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு மூன்று வாரத்திற்கு மேல் ஆறாதிருந்தாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டாமலே பார்க்கும் முதற்சோதனை ஒன்றும் உண்டு. டொலுயிடின் நீலம் என்னும் சாயத்தை வாயில் தடவிக் கழுவினால், ஐயத்திற்குரிய இடத்தில் நீலம் தங்கிவிடும். 1964-இல் நீபலும் ஷோமேயும் இதனை வாய்க்குப் பயன்படுத்தி எழுதினார்கள். சாதாரணப் புண்ணிலும் சில வேளை நீலம் தங்குவதுண்டு, புற்று இருந்தும் சில வேளை தங்காமல் போவதுண்டு. ஆகவே அதைக்கொண்டு முடிவு சொல்லிவிட முடியாது. முடிவு சொல்வது கடுகளவு துண்டும் பழைய இரு சாயங்களும்தான். எங்கள் பணியாளருக்காக நாங்கள் பேருந்தேறிப் பெங்களூர் சென்றோம். 2022-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் நோய்க்குறியியல் வகுப்புக்கு வருவார்கள். அவர்களில் சிலர் எங்கள் கரட்டுநிலத்துக் கள்ளியை நகத்தால் நசுக்கிப் பார்த்தவர்களாக இருக்கக்கூடும்.